ஹஜ்ஜும் ஜியாரத்தும்

மயிலாடும்பாறையில் திருப்பணியாற்றும் ஆயர் ஒருவர், ஹஜ்ஜிலிருந்து திரும்பிய இஸ்லாமிய அண்டை வீட்டாரைக் காணச் செல்கிறார் என்று கொள்வோம். பேரீச்சம்பழமும் ஜம்ஜம் நீரும் அவருக்கு அன்புடன் அளிக்கப்படும். அப்போது அவர், மக்காவில் நபியின் அடக்கவிடத்தைக் கண்டீர்களா என்று வினவுவாராயின், அவரது அறியாமையே வெளிப்படும்.

நபியின் அடக்கவிடம் மதீனாவில் உள்ளது. ஹஜ், வசதியும் உடல்நலமும் உடையோர் வாழ்நாளில் ஒருமுறை நிறைவேற்றவேண்டிய கடமை. அதன் சடங்குகள் மக்காவிலும் மினா, அரபாத், முஸ்தலிபா ஆகிய இடங்களிலும் நிகழ்வன. மதீனா செல்வது அக்கடமையைச் சேர்ந்ததன்று. எனினும் பயணிகள் பலர் அங்குச் சென்று, நபியின் பள்ளிவாசலில் தொழுது, அவருக்கு ஸலாம் உரைத்து, கி.பி. 625இல் உஹதுப் போரில் மாண்டோரின் அடக்கவிடத்தையும் காண்பர். இதுவே ஜியாரத்.

அடக்கவிடத்தில் நின்று மரித்தோருக்காக இறைவனிடம் மன்றாடுவது வேறு. மரித்தோரிடமே வேண்டுவது வேறு. பின்னதை இணைவைத்தல் எனக் கண்டிக்கும் இஸ்லாமியர் உளர். மதீனாவின் பகீ கல்லறைத் தோட்டத்து மண்டபங்கள் 1925-26இல் இடிக்கப்பட்டது இக்கருத்தின் விளைவே. தமிழகத்திலோ, நாகூர் தர்காவின் பெரிய மினாராவை எழுப்பியவர் தஞ்சை மராத்திய மன்னர் பிரதாப் சிங்.

திருயாத்திரையைக் குறித்து இவ்வினாவையே எழுப்பியவர்கள் சீர்திருத்தத் திருச்சபையினராகிய நம் முன்னோர். ஆயினும் நாகூருக்கும் வேளாங்கண்ணிக்கும் நேர்ந்துகொள்வோர் நம் சபைகளிலும் உண்டன்றோ? அவர்கள் தேடுவது இடத்தையா, இறைவனையா? யோவான் 4ஆம் அதிகாரம் நம்மையே முதலில் வினவுகிறது. ஆதலால் ஆயர் தீர்ப்புரைக்குமுன் செவிகொடுப்பாராக.