பெயர் வைத்த கல்லும் பெயரில்லாத சாவும்

எடுத்தனூர் நடுகல்லைக் காட்டினால் பார்ப்பவர்கள் முதலில் விசாரிப்பது நாயைத்தான். திருவண்ணாமலை மாவட்டத்தில் செங்கம் பக்கத்துக் கல் அது. மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டில், 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வைத்தது. மாட்டு மந்தைக்காக நடந்த சண்டையில் இறந்துபோன கருந்தேவகத்தியின் உருவத்தோடு ஒரு நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். நாய்க்கும் பெயர் எழுதியிருக்கிறார்கள்: கோவிவன். இரண்டு கள்ளர்களைக் கடித்துவிட்டு எசமானுக்குக் காவலாக நின்றது என்று வட்டெழுத்து சொல்கிறது.

நாயின் பெயரைக்கூட விடாத மண் இது. அதனால்தான், எந்த நாட்டுப் போர் நினைவுச்சின்னத்தைப் பற்றிப் படித்தாலும் அங்கே யார் பெயர் இருக்கிறது, யார் பெயர் விட்டுப்போயிருக்கிறது என்றுதான் முதலில் பார்ப்பேன். கல்வெட்டுப் படியெடுத்தே காலம் தள்ளியவன் நான். எனக்கு வேறு அளவுகோல் தெரியாது.

படியெடுப்பது பொறுமை வேண்டிய வேலை. தருமபுரி, திருவண்ணாமலைப் பக்கங்களில் நடுகற்கள் பல இன்று வேடியப்பனாகப் பூசையில் இருப்பதால், முதலில் பூசாரியிடமும் ஊர்ப் பெரியவர்களிடமும் உத்தரவு கேட்க வேண்டும். கல்மேல் எண்ணெயும் மஞ்சளும் தலைமுறை தலைமுறையாக ஏறிக் கெட்டிப்பட்டிருக்கும். அதை எழுத்து சிதையாமல் களைந்து, தண்ணீர் விட்டுக் கழுவி, நனைத்த தாளை ஒட்டி, பிரஷ்ஷால் அடிக்க வேண்டும். அடிக்க அடிக்கத் தாள் எழுத்தின் பள்ளத்துக்குள் இறங்கும். ஈரம் சற்றுச் சுண்டியதும் மை தோய்த்த திண்டால் ஒற்றி எடுத்தால் மேடு கறுக்கும். பள்ளம் வெள்ளையாக நிற்கும். ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு முன் செத்தவனின் பெயர் எழுத்தெழுத்தாக வெளியே வரும். அந்த நேரத்தில் சுற்றி நிற்கும் ஊர்க்காரர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

அமெரிக்காவின் வாஷிங்டனில் வியட்நாம் போர் நினைவுச்சுவரின் முன்னும் ஏறக்குறைய இதே வேலை நடக்கிறது. 1982இல் திறந்த சுவர். வடிவமைத்த மாயா லின் போட்டியில் வென்றபோது 21 வயதுக் கல்லூரி மாணவி. கறுப்புக் கிரானைட்டில் 58,000க்கும் அதிகமான பெயர்கள். பதவி கிடையாது, அகர வரிசையும் கிடையாது. போரில் அவர்கள் விழுந்த நாளின் வரிசையில் பெயர்கள் ஓடுகின்றன. ஒரே நாளில் ஒரே சண்டையில் இறந்தவர்கள் அங்கே பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறார்கள். வருகிற குடும்பத்தார் பெயரின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து வீட்டுக்கு எடுத்துப்போகிறார்கள். கறுப்புக் கல் மட்டும், சிலை கிலை ஒன்றுமில்லையே என்று தொடக்கத்தில் கடும் எதிர்ப்பு எழுந்தது. பெயரைத் தொட்டுப் பார்க்க மக்கள் வரத் தொடங்கியதும் அந்த எதிர்ப்பு அடங்கிவிட்டது.

நம் பழைய வழக்கத்தில் கல் நடுவதோடு ஊரின் கடமை தீர்ந்ததில்லை. தகுந்த கல்லைத் தேடிப் பார்ப்பதில் தொடங்கி, நீரில் இட்டு, நட்டு, படையலிட்டு, வாழ்த்துவது வரை தொல்காப்பியம் படிப்படியாகச் சொல்கிறது. இறந்தவனின் வீட்டாருக்கு நிலமும் கொடுத்தார்கள். உதிரப்பட்டி, நெய்த்தோர்ப்பட்டி என்று கல்வெட்டுகள் சொல்வது இந்த நிலத்தைத்தான். ரத்தத்துக்குக் கொடுத்த மானியம். கொடுத்ததையும் கல்லிலேயே எழுதிவைத்ததால் பின்னால் வந்தவன் மறுக்க முடியாது. 1949 முதல் டிசம்பர் 7ஆம் தேதி கொடிநாள் நிதி திரட்டுகிறோமே, முன்னாள் படைவீரர்களுக்கும் போர் விதவைகளுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும், அதற்கு இந்த மண்ணில் மூத்த முன்மாதிரி உதிரப்பட்டிதான் என்பேன்.

இருபதாம் நூற்றாண்டில் பெயர் எழுதுவதைப் பெரிய அளவில் செய்தது பிரிட்டிஷ் பேரரசு. 1917இல் ஃபேபியன் வேர் என்பவரின் முயற்சியால் போர்க் கல்லறை ஆணையம் ஏற்பட்டது. ஜெனரலுக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவுக் கல் என்பது அதன் அடிப்படை விதி. பணக்காரக் குடும்பங்கள் பிள்ளையின் உடலைச் சொந்த ஊருக்கு எடுத்துப்போகக் கேட்டும் ஆணையம் சம்மதிக்கவில்லை. சென்னை நந்தம்பாக்கத்தில் இரண்டாம் உலகப் போரில் இறந்தவர்களின் கல்லறைத் தோட்டத்துக்குப் போனால் இந்த விதியைக் கண்ணால் பார்க்கலாம். பெல்ஜியத்தின் ஈப்ர நகரில் மெனின் வாயிலில், உடல் கிடைக்காத 54,000க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் இருக்கின்றன. அங்கே 1928 முதல் தினமும் இரவு எட்டு மணிக்குப் போக்குவரத்தை நிறுத்திவிட்டு எக்காளம் ஊதுகிறார்கள். ஜெர்மானியர் ஊரைப் பிடித்திருந்த ஆண்டுகளில்தான் அது அங்கே நின்றது.

ஆனால் எல்லோரும் சமம் என்ற அந்த விதி ஐரோப்பாவுக்கு வெளியே பல இடங்களில் செல்லவில்லை. ஈராக்கின் பஸ்ரா நினைவுச்சின்னத்தில் அதிகாரிகளுக்குப் பெயர் பொறித்தார்கள். இந்தியச் சிப்பாய்களுக்கோ படைப்பிரிவு வாரியாக எண்ணிக்கை மட்டும். கிழக்கு ஆப்பிரிக்காவில் நைரோபியிலும் மொம்பாசாவிலும் ஆப்பிரிக்க வீரர்களுக்குச் சிலை வைத்தார்கள், பெயர் வைக்கவில்லை. ஆணையமே அமைத்த குழு 2021இல் இதை ஒப்புக்கொண்டது: முதல் உலகப் போரில் இறந்தவர்களில் குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயரோடு நினைவுகூரப்படவில்லை, அல்லது நினைவுகூரப்படவே இல்லை. பெரும்பாலோர் ஆப்பிரிக்கர்களும் மத்தியக் கிழக்கைச் சேர்ந்தவர்களும். பிரிட்டிஷ் அரசு நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டது. கேட்டதை மதிக்கிறேன். நூறு வருஷம் பிந்திவிட்டதையும் சொல்லத்தான் வேண்டும்.

நம் வீட்டுக் கதை ஒன்று இதைவிட வலிக்கிறது. 1942, 43இல் ஜப்பானியர் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டார்கள். அந்த வேலையில் மாண்ட நேச நாட்டுப் போர்க் கைதிகள் 12,000க்கும் மேல். அவர்களில் ஏறக்குறைய 7,000 பேர் தாய்லாந்தின் காஞ்சனபுரியில் ஒழுங்கான வரிசைகளில், பேர் போட்ட கற்களுக்குக் கீழே இருக்கிறார்கள். புல்லை இன்றும் மட்டமாக வெட்டிப் பராமரிக்கிறார்கள். அதே பாதையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து பிடித்துக்கொண்டு போன தமிழர்களும், அவர்களோடு மலாய்க்காரர்களும் பர்மியர்களும் ஜாவாக்காரர்களும் பல்லாயிரக்கணக்கில் செத்தார்கள். 90,000 வரை இருக்கலாம் என்பது மதிப்பீடு. காலராவிலும் பசியிலும் விழுந்தவர்களைக் குழியில் தள்ளி மூடினார்கள். கைதிகளின் அதிகாரிகள் ஒளித்து ஒளித்தாவது சாவுப் பட்டியல் வைத்திருந்தார்கள். தோட்டக் கூலிகளுக்குப் பட்டியல் வைக்க அங்கே யாரும் இல்லை. 1944இல் ஜப்பானிய ராணுவமே காஞ்சனபுரியில் எழுப்பிய நினைவுத்தூணில் தமிழ் வாசகமும் உண்டு. இறந்தவர் பெயர்கள்தான் இல்லை.

ஆர். சண்முகம் போன்ற மலேசிய எழுத்தாளர்கள் இந்த ரயில் பாதைக் கதையை நாவலாக எழுதி வைத்தார்கள். 2023இல் மலேசிய, தாய்லாந்துத் தமிழர்கள் சேர்ந்து காஞ்சனபுரியில் ஒரு பௌத்த விகாரையின் வளாகத்தில் நடுகல் எழுப்பினார்கள். எண்பது வருஷம் கழித்து, நம் முன்னோர் கைக்கொண்ட அதே முறையில்! செய்தியைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. அந்தக் கல்லுக்கு இனி பெயர்கள் வேண்டும்.

நம் கிராமங்களிலிருந்து மலாயாவுக்குத் தோட்ட வேலைக்குப் போனவர்களின் வாரிசுகள் இரண்டு நாட்டிலும் இருக்கிறார்கள். ‘சயாமுக்குப் போனவர், திரும்பவில்லை’ என்ற ஒரு வரி சில குடும்பங்களில் இன்னும் வாய்வழியாக நிற்கிறது. உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், பாட்டியிடமோ பெரியப்பாவிடமோ இந்த வாரமே உட்கார்ந்து கேளுங்கள். அவர் பெயர், தகப்பன் பெயர், சொந்த ஊர், வேலை செய்த தோட்டத்தின் பெயர், இந்த நான்கையும் தாளில் எழுதி, சொன்னவர் யார் என்றும் குறித்து வையுங்கள். சொல்லக்கூடியவர்கள் தொண்ணூறைத் தாண்டிக்கொண்டிருக்கிறார்கள்.