சென்னை அடிமை வணிகம்

சென்னை அடிமை வணிகம் என்பது 17ஆம் நூற்றாண்டில் புனித ஜார்ஜ் கோட்டைத் துறையிலிருந்து மக்களை விலைக்கு வாங்கிக் கப்பலேற்றியதைக் குறிக்கும். பஞ்சமே இதனை வளர்த்தது. பசித்தோர் தம்மையும் தம் பிள்ளைகளையும் விற்றனர். எலிஹு யேல் ஆளுநராயிருந்த 1687இல் கிழக்கிந்தியக் கம்பனி இவ்வணிகத்தைத் தடுக்கவில்லை. கடல்வழி அனுப்பப்படும் ஒவ்வோர் அடிமைக்கும் ஒரு வராகன் சுங்கம் விதித்தது. அதே ஆண்டில் கோல்கொண்டாவைக் கைப்பற்றிய முகலாயர் இதனை எதிர்த்தமையால் 1688இல் தடை விதிக்கப்பட்டது. இதற்கு இரக்கத்தைக் காரணமாகக் கூறுவது பொருந்தாது.

இங்கு ஒருவரை அடிமையாக்கியது பெரும்பாலும் வறுமை. அமெரிக்காவின் ஆங்கிலேயக் குடியேற்றமான வர்ஜீனியாவிலோ, நீக்ரோப் பெண்களின் பிள்ளைகள் தாயின் நிலையையே அடைவர் என 1662ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்தது. அடிமைநிலை இனவழிப் பிறப்புரிமையாயிற்று. 1635ஆம் ஆண்டு வர்ஜீனிய நில ஆவணமொன்றில் 'டோனி' என்னும் கிழக்கிந்தியர் ஒருவரின் பெயரும் காணப்படுகிறது. இந்தியாவில் கம்பனி ஆட்சிப் பகுதிகளில் அடிமைநிலைக்கான சட்ட ஏற்பு 1843ஆம் ஆண்டின் 5ஆம் சட்டத்தால் நீக்கப்பட்டது.