மாத்திரை சாப்பிடும் சகோதரிகளுக்கு

வரதய்யபாளையத்துக்குப் பிழைக்க வந்த நம் குடும்பங்களில், கருத்தடை மாத்திரையால் தொந்தரவு வந்தாலும் பெண்கள் வாய் திறப்பதில்லை. இதை நான் பல வீடுகளில் கண்டிருக்கிறேன்.

அரசு இலவசமாகத் தரும் 'மாலா-என்' அட்டையில் 28 மாத்திரைகள். அவற்றில் 21 ஹார்மோன், மீதி 7 இரும்புச்சத்து. தொடக்கத்தில் குமட்டல், மார்பகங்களில் வலி, இடையிடையே உதிரம் படுதல் இருக்கலாம். பெரும்பாலும் மூன்று மாதத்தில் தணிந்துவிடும்.

ஆனால் ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பார்வை மங்கல், தாங்கமுடியாத தலைவலி வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இரத்தக்கட்டாக இருக்கலாம். அபூர்வம்தான், ஆயினும் உயிருக்கே ஆபத்து.

இரத்தக்கொதிப்பு, ஒற்றைத் தலைவலி, காசநோய் மருந்து, தாய்ப்பால் குடிக்கும் குழந்தை, இவற்றில் எது இருந்தாலும் மாத்திரை வாங்கும்போதே சொல்லிவிடுங்கள்.

அமெரிக்காவில் 1970-இல் செனட் விசாரணையின் நடுவே பெண்கள் எழுந்து கேள்வி கேட்டார்கள். அந்த ஆண்டே மாத்திரையோடு எச்சரிக்கைத் தாள் வைக்க உத்தரவாயிற்று.

நாமும் கேட்போம். தெலுங்கு வராதே என்று தயங்கவேண்டாம். தலைவலிக்குத் 'தலநொப்பி', வீக்கத்துக்கு 'வாபு', மூச்சுத்திணறலுக்கு 'ஆயாசம்'. இந்த மூன்று சொற்கள் போதும், டாக்டருக்குப் புரிந்துவிடும்.