பின்சக்கரத்துக்குப் போகும் வழி

பிரேக் பிடிக்காவிட்டால் பழி கட்டை மீது விழுகிறது. குற்றவாளியோ பெரும்பாலும் ஒயர் போகும் பாதை.

சைக்கிளில் பின் பிரேக் பிடிக்கவில்லை என்றால் முதலில் தண்டனை பெறுவது ரப்பர் கட்டை. கடைக்காரர் பழைய கட்டையைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியதை மாட்டுகிறார். அப்போதும் சரியாகவில்லையா? நட்டைத் தளர்த்தி, ஒயரை இன்னும் கொஞ்சம் இழுத்து முடுக்குகிறார். பிரேக் இப்போது பிடிக்கிறது. ஆனால் விட மறுக்கிறது. கட்டை ரிம்மோடு உரசிக்கொண்டே இருக்க, மிதிப்பவருக்கு மூச்சு வாங்குகிறது. இரண்டே நாளில் அவரே பிரேக்கைத் தளர்த்திவிடுகிறார். அதன் பிறகு சைக்கிளை நிறுத்துவது அவர் செருப்பின் பொறுப்பு.

இத்தனை அமர்க்களத்திலும் யார் கண்ணிலும் படாத பொருள் ஒன்று உண்டு: கைப்பிடியில் தொடங்கி ஃபிரேமை ஒட்டி வளைந்து நெளிந்து பின்சக்கரம் வரை போகும் கறுப்பு ஒயர். அது எப்படிப் போகிறது என்பதுதான் பிரேக் எப்படிப் பிடிக்கும் என்பதை முடிவு செய்கிறது.

விஷயம் சிறியதுதான். ஆனால் அதை நம்பியிருப்பவர்கள் சிலரல்ல. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியக் குடும்பங்களில் சுமார் 45 சதவீதத்திடம் சைக்கிள் இருந்தது. சைக்கிள் தயாரிப்பில் சீனாவுக்கு அடுத்த இடம் இந்தியாவுக்கு. பால் கேனும் காய்கறி மூட்டையும் பள்ளிப் பிள்ளைகளும் ஏறிப் போகும் வாகனம் இது. நிற்க வேண்டிய இடத்தில் அது நின்றாக வேண்டும்.

கம்பி போய் ஒயர் வந்தது

பழைய கறுப்பு ரோட்ஸ்டர் சைக்கிளில் இந்தத் தொல்லை கிடையாது. அதில் பிரேக்கை இழுப்பது இரும்புக் கம்பி. கைப்பிடிக்குக் கீழே இருக்கும் லிவரை அழுத்தினால் கம்பிகள் ஒன்றையொன்று இழுத்து, கடைசியில் கட்டைகளை ரிம்மின் உட்பக்கத்தில் மோதவிடும். கம்பி வளையாது என்பதால் பாதை திரும்பும் ஒவ்வொரு மூலையிலும் ஒரு மூட்டு வைக்க வேண்டும். மூட்டுகள் தேய்ந்தால் கடகடவென்று ஆடும். எடையும் அதிகம். ஆனாலும் மழை, புழுதி, அடி எல்லாவற்றையும் தாங்கும். எங்கே கோளாறு என்பது பார்த்தவுடன் தெரியும்.

வளைந்து போகக்கூடிய ஒயர் வந்ததும் மூட்டுகளுக்கு வேலை இல்லாமல் போனது. இந்த வகை ஒயருக்கு எர்னஸ்ட் மானிங்டன் பௌடன் 1896ல் பிரிட்டனில் காப்புரிமை பெற்றார். இன்றும் உலகம் முழுவதும் அது பௌடன் கேபிள் என்றே அழைக்கப்படுகிறது. யோசனை எளிமையானது. உள்ளே சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் தடிமனில் முறுக்கிய எஃகு ஒயர். மெக்கானிக்குகளின் மொழியில் இன்னர். அதற்கு வெளியே ஸ்பிரிங் போலச் சுற்றிய எஃகுப் பட்டையும் மேலே பிளாஸ்டிக் தோலும் கொண்ட குழாய். இது அவுட்டர். இன்னர் இழுக்கிறது. அவுட்டர் அசையாமல் நின்று அந்த இழுப்புக்கு எதிர்ப்புக் கொடுக்கிறது. இரண்டில் எது பிசகினாலும் கையின் பலம் சக்கரத்துக்குப் போய்ச் சேராது.

வளையக்கூடியது என்பது இந்த ஒயரின் பெருமை. அதுவே அதன் பலவீனமும்.

கம்பத்தைச் சுற்றிய கயிறு

முரட்டுக் காளையைக் கையால் இழுத்துப் பிடிக்க முடியாது. ஆனால் கயிற்றை ஒரு கம்பத்தில் இரண்டு சுற்று சுற்றிவிட்டால் நுனியைச் சிறுவன்கூடப் பிடித்துக்கொள்ளலாம். துறைமுகத்தில் கப்பலைக் கட்டுவதும் இதே முறையில்தான். கயிற்றுக்கும் கம்பத்துக்கும் நடுவிலுள்ள உராய்வு ஒவ்வொரு சுற்றிலும் பெருகுகிறது. மாட்டைக் கட்டும்போது உதவுகிற இந்த விதி, பிரேக் ஒயரில் எதிரியாகிறது. அவுட்டரின் ஒவ்வொரு வளைவும் ஒரு கம்பம்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இது தெளிவாகும். நல்ல நிலையில் உள்ள ஒயரின் உராய்வு எண் 0.1 என்று வைத்துக்கொண்டால், மொத்தம் 180 டிகிரி வளைந்து போகும் ஒயரில், லிவரிலிருந்து கிளம்பும் 100 பங்கு விசையில் 73 பங்கு மறுமுனைக்குப் போகும். வளைவு 360 டிகிரியானால் 53 பங்குதான் மிஞ்சும். துருவும் புழுதியும் சேர்ந்து உராய்வு எண் 0.2 ஆகிவிட்டால் அதே 360 டிகிரிப் பாதையில் போய்ச் சேர்வது 28 பங்கு. கை அதே கைதான், கட்டையும் அதே கட்டைதான். வழியிலேயே முக்கால் பங்கு தொலைந்துவிடுகிறது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இடப்பக்கம் 90 டிகிரி வளைந்து பிறகு வலப்பக்கம் 90 டிகிரி திரும்பினால் அவை ஒன்றையொன்று கழித்துக்கொள்வதில்லை. கூட்டிக்கொள்கின்றன. பாம்பு போல் நெளியும் ஒயர் ஒவ்வொரு நெளிவுக்கும் வரி கட்டுகிறது. திரும்பும்போதும் அதே வரிதான். லிவரை விட்டதும் கட்டையைப் பிரித்துவிட வேண்டிய ஸ்பிரிங், அதே பாதையில் ஒயரை எதிர்த்திசையில் இழுத்தாக வேண்டும். அதனால்தான் பாதை கெட்ட பிரேக் பிடிக்கவும் மறுக்கிறது, பிடித்தால் விடவும் மறுக்கிறது.

முன் பிரேக்குக்கு இந்தக் கஷ்டம் குறைவு. அதன் ஒயர் குட்டையானது, பெரும்பாலும் ஒரே ஒரு வளைவுதான். பின் பிரேக்கின் ஒயர் கைப்பிடியில் ஒரு முறை, ஃபிரேமில் நுழைய ஒரு முறை, சீட்டுக்குக் கீழே பிரேக்கை அடைய ஒரு முறை என்று திரும்பிக்கொண்டே போகிறது.

உண்மையில் காலி சைக்கிளை அதிகம் நிறுத்துவது முன் பிரேக்தான். பிரேக் போட்டதும் பாரம் முன்னால் சாய்வதே காரணம். ஆனால் இந்தியாவில் பலருக்கு முன் பிரேக் என்றாலே குப்புற விழும் பயம். அவர்கள் நம்புவது பின் பிரேக்கை. கேரியரில் மூட்டையோ ஆளோ இருந்தால் பின்சக்கரத்தின் மேல் பாரம் கூடுவதால் பின் பிரேக்கின் உதவியும் அதற்கேற்பக் கூடுகிறது. ஆக, மிகவும் தேவைப்படும் பிரேக்குக்கு வாய்த்திருப்பது மிகவும் மோசமான பாதை.

இடது கையும் வலப்பக்கமும்

சாலையின் இடப்பக்கம் செல்லும் நாடுகளில் வலக்கை லிவர் முன் பிரேக்கையும் இடக்கை லிவர் பின் பிரேக்கையும் இயக்குவது வழக்கம். பிரிட்டனில் 2010ம் ஆண்டின் சைக்கிள் பாதுகாப்பு விதிகள் இதைச் சட்டமாகவே வைத்திருக்கின்றன. வலப்பக்கம் திரும்புவதற்காக வலக்கையை நீட்டும்போது இடக்கையில் பின் பிரேக் இருக்கட்டும் என்பது இதற்குச் சொல்லப்படும் காரணம். அமெரிக்காவில் வழக்கம் நேர் எதிர்.

இந்த வித்தியாசம் ஒயரின் பாதையிலும் எதிரொலிக்கிறது. இடக்கை லிவரிலிருந்து வெளிவரும் ஒயர் சைக்கிளின் நடுப்பக்கம் நோக்கியே கிளம்புகிறது. அதைக் கைப்பிடித் தண்டுக்கு முன்னால் அகலமாக வளையவிட்டு ஃபிரேமின் வலப்பக்கம் கொண்டுபோனால் பாதை இயல்பாக அமையும். அதே ஒயரை இடப்பக்கமே மடக்கித் திணித்தால் கொண்டை ஊசி வளைவுதான் கிடைக்கும். வலக்கையில் பின் பிரேக் வைக்கும் நாடுகளுக்காகச் செய்த ஃபிரேம்களில் ஒயரைத் தாங்கும் கொக்கிகள் இடப்பக்கம் இருப்பதுண்டு. அப்படிப்பட்ட ஃபிரேமில் இந்திய வழக்கப்படி லிவரை மாட்டினால் முதல் வளைவிலேயே பிரேக்கின் பலம் கசிந்துவிடும். முழு நீள அவுட்டர் போட்டு, கிளிப் வைத்து வலப்பக்கம் கொண்டுபோவதே நல்ல வழி. லிவர்களை இடம் மாற்றுவது எளிது போலத் தெரிந்தாலும் ஆபத்தானது. அவசரத்தில் கை பழகிய பக்கத்தைத்தான் அழுத்தும்.

பெண்கள் சைக்கிளில் நிலைமை இன்னும் கடினம். ஆண்கள் சைக்கிளில் நேராக ஓடும் மேல் பார் ஒயருக்கு ராஜபாட்டை. அந்த பார் இல்லாத ஃபிரேமில் ஒயர் சாய்வான குழாயோடு கீழே இறங்கி, சீட் குழாயருகே மறுபடி மேலே ஏறிப் பிரேக்கை அடைய வேண்டும். பள்ளிப் பிள்ளைகளுக்கான இலவச சைக்கிள் திட்டங்கள் பல மாநிலங்களில் வந்துவிட்டன. பீகார் 2006ல் ஒன்பதாம் வகுப்பு மாணவிகளுக்கான திட்டத்தைத் தொடங்கியது. மேற்கு வங்கத்தின் ‘சபுஜ் சாத்தி’ 2015ல் வந்தது. தமிழ்நாட்டில் அதற்கும் முன்பே சைக்கிள்கள் வழங்கப்பட்டன. சைக்கிள் பெண் பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுவந்தது. அந்தப் பிள்ளைகள் ஓட்டுவதோ, ஒயர் பிரேக் வைத்தால் அதிக வளைவுகள் விழக்கூடிய ஃபிரேம். லிவரை அழுத்தும் கையும் சிறியது.

இந்திய சைக்கிள்கள் பெரும்பாலும் தொழிற்சாலையிலிருந்து முழு சைக்கிளாக வெளிவருவதில்லை. பாகங்களாகக் கடைக்கு வந்து அங்கே பூட்டப்படுகின்றன. எனவே ஒயரின் பாதையைத் தீர்மானிப்பது பொறியாளர் அல்ல, பூட்டுகிறவர். எண்ணிக்கைக்குக் கூலி என்றால் அவர் அவுட்டரை அளவெடுத்து வெட்டிக்கொண்டிருக்க மாட்டார். பெட்டியில் வந்த நீளத்திலேயே மாட்டிவிடுவார். மிச்ச நீளம் கைப்பிடிக்கு முன்னால் பெரிய வளையமாகத் தொங்கும்.

மழை குடிக்கும் வளைவு

கணக்கில் 0.1 எப்படி 0.2 ஆகிறது என்பதற்குப் பதில் மழைக்காலத்தில் கிடைக்கும். எடையைக் குறைக்கப் பல சைக்கிள்களில் அவுட்டரை இரண்டு துண்டாக்கி, நடுவில் இன்னரைத் திறந்த வெளியில் ஓடவிடுகிறார்கள். நேரான பகுதியில் அவுட்டர் இல்லாததால் உராய்வு குறையும் என்பது உண்மை. ஆனால் மழைநீர் ஒயரோடு வழிந்து கடைசித் துண்டுக்குள் இறங்குகிறது. அங்கே வளைவின் அடியில் தேங்கி, புழுதியோடு சேர்ந்து சேறாகி, பிறகு துருவாகிறது. இந்திய மழைக்கும் மண்ணுக்கும் லிவரிலிருந்து பிரேக் வரை ஒரே துண்டாகப் போகும் அவுட்டர்தான் பொருத்தம்.

வேறு எதிரிகளும் உண்டு. பாரில் குழந்தை இருக்கையை மாட்டும்போது கிளாம்ப்புக்கு அடியில் ஒயர் நசுங்குகிறது. கேரியரில் தொங்கும் பால் கேன் கடைசி வளைவை உள்ளே தள்ளுகிறது. ஆடாமல் இருக்கட்டும் என்று பிளாஸ்டிக் டேக்கால் இறுக்கிக் கட்டினால் அவுட்டர் அந்த இடத்தில் மடிகிறது. கட்டு, ஒயரைத் தாங்க வேண்டுமே தவிர அதன் கழுத்தை நெரிக்கக் கூடாது.

கத்தரிக்கும் முன் அளவு

சரியான பாதை அமைக்கப் பெரிய கருவிகள் தேவையில்லை. கூரான கட்டர், அரம், ஊசி, கொஞ்சம் எண்ணெய் போதும். புதிய அவுட்டரை வெட்டாமல் ஃபிரேமின் மேல் வைத்துப் பார்ப்பது முதல் படி. கைப்பிடியை இரு பக்கமும் முழுதாகத் திருப்ப வேண்டும். எந்தப் பக்கமும் அவுட்டர் விறைக்கக் கூடாது. விறைத்தால் திருப்பத்தில் பிரேக் தானாகவே பிடிக்கும். அதே சமயம் நேராக நிற்கும்போது தேவையில்லாத வளையமும் தொங்கக் கூடாது. குறைந்த திருப்பம், அகலமான வளைவு. இவ்வளவுதான் விதி.

வெட்டிய முனை நசுங்கியிருக்கும். அதை அரத்தால் தட்டையாக்கி, அடைபட்ட உள்துளையை ஊசியால் திறந்து, மூடி மாட்ட வேண்டும். சாய்வாக வெட்டிய முனை ஒவ்வொரு அழுத்தலிலும் நசுங்கி லிவரின் ஓட்டத்தைத் தின்றுவிடும். கியருக்கான அவுட்டரைப் பிரேக்குக்குப் போடுவது பெரும் தவறு. அதில் எஃகுக் கம்பிகள் சுற்றாமல் நீளவாக்கில் ஓடுகின்றன. பிரேக்கின் விசையில் அது வெடித்துப் பிளந்துவிடலாம்.

இன்னரைப் பிரேக்கில் முடுக்குவதற்கு முன் ஒரு சோதனை. இரு முனைகளையும் இரண்டு விரலால் பிடித்து முன்னும் பின்னும் இழுத்தால் தடங்கலின்றி ஓட வேண்டும். எங்கே தயங்குகிறதோ அங்கே பாதை கெட்டிருக்கிறது. முடுக்கிய பிறகு லிவரைப் பலமாகப் பல முறை அழுத்தினால் முனைகள் தம் இடத்தில் பதியும். அதன்பின் ஒயரை மறுபடி இழுத்து முடுக்கி, கைப்பிடியைத் திருப்பிப் பார்த்தால் வேலை முடிந்தது.

விலையுயர்ந்த சைக்கிள்களில் இப்போது ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் வந்துவிட்டது. குழாயில் ஓடும் எண்ணெய்க்கு வளைவு ஒரு பொருட்டல்ல. ஆனால் குறைந்த விலை சைக்கிள்களில் பளபளக்கும் டிஸ்க்குகளில் பலவற்றை இழுப்பது இன்னும் அதே ஒயர்தான், அதுவும் பின்சக்கரத்தின் அச்சு வரை நீண்ட பாதையில். அழகுக்காக ஒயரை ஃபிரேமுக்குள் மறைக்கும் பாணியும் பரவுகிறது. மறைவதால் வளைவு குறைந்துவிடுவதில்லை. பார்த்துச் சரிசெய்வதுதான் கடினமாகிறது.

சைக்கிள் வாங்குபவர்கள் மணியை அடித்துப் பார்க்கிறார்கள், சீட்டைத் தட்டிப் பார்க்கிறார்கள், பெயின்ட்டைத் தடவிப் பார்க்கிறார்கள். கைப்பிடியை ஒரு முறை முழுதாகத் திருப்பி, பின் பிரேக்கை அழுத்தி விட்டு, ஒயர் போகும் வழியை விரலால் தொடர்ந்து பார்க்க அரை நிமிடம்கூட ஆகாது. பாதை பிசகியிருந்தால் கடையிலேயே மாற்றச் சொல்லலாம். அங்கே அதற்குச் செலவு ஒரு முழம் அவுட்டர்.