ஒலி உயராத பெட்டி

பழுதைக் கண்டவுடன் பழித்தல் எளிது. பழுதின் இடத்தைக் காண்டல் அரிது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் சிவப்பு மையோடு பழகிய என் போன்ற ஆசிரியர்க்கு முன்னது கைவந்த கலை. பின்னதை எனக்குக் கற்பித்தவன் என் மாணாக்கன் ஒருவன். அதற்கு அவன் கைக்கொண்ட பாடநூல் ஒரு சிறு தகரப் பெட்டி.

சிலாபத்திலிருந்து புத்தளம் நோக்கிச் செல்லும் வழியில், களப்பும் தென்னந்தோப்புகளும் இறால் வளர்ப்புக் குளங்களும் சூழ அமைந்தது முந்தல். இக்கரையோரத்திற்குக் கிற்றார் இசை புதியதன்று. போர்த்துக்கேயர் தொடர்பால் வந்த பைலாப் பாட்டு இங்கே ஊர்தோறும் ஒலிப்பது. புத்தளத்தை அடுத்த சிரம்பியடியில் வாழும் ஆபிரிக்க வழித்தோன்றல்கள், தம் முன்னோரின் மஞ்சாப் பாடல்களைச் சிரட்டையும் கரண்டியும் போத்தலும் கொண்டு தாளமிட்டு இன்றும் பாடுகின்றனர். இத்தகைய சூழலில் வளர்ந்த கடற்றொழிலாளி மகனொருவன் கிற்றார் மீது காதல் கொண்டதில் வியப்பில்லை.

பாடசாலைக் கலைவிழாவில் அவன் சிறிது நேரம் தனித்து வாசிக்க வேண்டியிருந்தது. மேளங்களும் ஏனைய கருவிகளும் முழங்குங்கால் கிற்றாரின் மெல்லொலி அமிழ்ந்துபோகும். அவ்வேளையில் காலால் ஓர் ஆளியை மிதித்தால் ஒலியை உயர்த்தித் தரும் பெட்டி ஒன்றுண்டு. இளைஞர் அதனைப் 'பெடல்' என்பர். விலை கொடுத்து வாங்க வசதியில்லாத அவன், அதனைத் தானே செய்யத் துணிந்தான்.

அவன் எடுத்துக்கொண்ட சுற்று எளியது, பழையதுங்கூட. 1947ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் திரான்சிற்றர் பிறந்தது. அதற்காகப் பார்டீன், பிராட்டைன், ஷொக்லி ஆகிய மூவரும் 1956இல் நொபெல் பரிசு பெற்றனர். நியூயோர்க் நகரில் மைக் மத்தியூஸ் என்பார் 1968இல் தொடங்கிய எலெக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ் நிறுவனம், பொப் மையர் அமைத்த ஒரு சிறு சுற்றைப் பெட்டியிலிட்டு விற்றது. அதில் உள்ளது ஒரே ஒரு திரான்சிற்றர், அதனோடு சில தடையிகள், இரண்டு கொள்ளளவிகள், 9 வோல்ற்று மின்கலம் ஒன்று, அவ்வளவே. கிற்றாரிலிருந்து வரும் நுண்ணிய மின்னலையை அது ஏறத்தாழ 20 மடங்காக்கித் தரும்.

விழாவிற்கு மூன்று நாள் இருக்கையில் அவன் அப்பெட்டியோடு என் வீட்டு வாயிலில் வந்து நின்றான். முகம் வாடியிருந்தது.

"ஐயா, ஒலி வருகிறது, ஆனால் உயரவில்லை. மிதித்தால் முன்னையிலும் மங்குகிறது. எனக்கு இந்த வேலை வராது. உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவில் சேரும் எண்ணத்தையும் விட்டுவிட்டேன்."

ஒரு பெட்டி பேசாமற் போனதற்காக ஒரு பிள்ளை தன் எதிர்காலத்தையே மாற்றிக்கொள்ள முனைந்தான். அவனைக் குறை கூறும் தகுதி எனக்கில்லை. "விளையாட்டை விட்டுப் பாடத்தைப் பார்" என்று முன்பு கூறியவன் நானே.

மின்னியலில் எனக்குப் பயிற்சி இல்லை. ஆயினும் திருவள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தில் வகுத்த ஒழுங்கு நினைவிற்கு வந்தது. நோய், நோயின் காரணம், தணிக்கும் வழி என்று ஆராய்ந்த பின்னரே மருத்துவன் செயலில் இறங்கல் வேண்டும். "தம்பி, மின்னலை எவ்வழியே புகுந்து எவ்வழியே வெளியேறுகிறது? எனக்கு விளங்கும்படி முதலிலிருந்து சொல்" என்றேன். யாப்பிலே ஆற்றுநீர்ப் பொருள்கோள் என்றொன்று உண்டு. ஆற்றொழுக்குப் போல முன்னிருந்து பின்னாகப் பொருள் கொண்டு செல்வது. அவ்வாறே சுற்றையும் படிக்கலானோம்.

முதலில் மின்கலம். பாடசாலையின் விஞ்ஞான ஆசிரியர் இரவலாகத் தந்த மீற்றர் 9 வோல்ற்றைக் காட்டியது. அடுத்து வடமும் செருகு துளைகளும். உப்புக் காற்றிற் செம்பு பச்சை பூத்துத் தொடர்பைக் கெடுப்பது இவ்வூர் வழக்கம். ஆதலின் அவற்றைத் துடைத்துப் பார்த்தோம். ஆளியை நீக்கியபோது கிற்றாரின் இயல்பான ஒலி தெளிவாக வந்தது. எனவே கிற்றாரும் வடமும் குற்றமற்றவை. பழுது பெட்டியின் உள்ளேதான் என்பது துணிபாயிற்று. பின்னர்ப் பற்றாசிட்ட இடங்களை ஒவ்வொன்றாக நோக்கினோம். மங்கித் திரண்டிருந்த ஒன்றை அவன் மீண்டும் சூடாக்கிச் சரிசெய்தான். அப்போதும் ஒலி உயரவில்லை.

எஞ்சியது திரான்சிற்றர். காலி, அடி, சேகரிப்பான் என்பன அதன் மூன்று முனைகள். அடியிற் புகும் சிறு மின்னலை, மின்கலத்திலிருந்து சேகரிப்பான் வழியே காலிக்குப் பாயும் பெருமின்னோட்டத்தைக் கூட்டியும் குறைத்தும் ஆள்கின்றது. கருவி தானாக வலிமையைப் படைப்பதில்லை. மின்கலத்தின் வலிமைக்கு மின்னலையின் வடிவத்தைத் தருகின்றது. ஒலி இல்லாத வேளையிற் சேகரிப்பானின் அழுத்தம் நடுத்தரமாக, 4 அல்லது 5 வோல்ற்றளவில் நிற்க வேண்டும். அப்போதுதான் அலை மேலும் கீழும் அசைய இடமிருக்கும். மீற்றரோ மின்கல அழுத்தத்திற்கு மிக அருகே நின்றது. பெருமின்னோட்டம் பாயவே இல்லை என்பது அதன் பொருள்.

"எந்த முனை எந்தத் துளையில் இருக்கிறது?" என்று கேட்டேன். படத்தைப் பார்த்துச் சொல்லத் தொடங்கியவன் இடையில் நின்றான். படத்திற் குறித்திருந்தது 2 என் 5088 என்னும் வகை. அது கிடைக்காமையால் அவன் வாங்கிப் பொருத்தியது பி.சி. 547. தட்டையான முகத்தை நம்மை நோக்கிவைத்து இடமிருந்து வலமாகப் படித்தால், முன்னதில் காலி, அடி, சேகரிப்பான் என்பது வரிசை. பின்னதில் சேகரிப்பான், அடி, காலி என்பது வரிசை.

நிரல்நிறையை முறை நிரல்நிறை என்றும் எதிர் நிரல்நிறை என்றும் மாணாக்கர்க்கு ஆண்டுதோறும் கற்பிப்பவன் நான். எதிர் நிரல்நிறையாக அமைந்ததை முறை நிரல்நிறையாகக் கொண்டால் பொருள் கெடும் என்று அவர்களை எச்சரிப்பவனும் நானே. அப்பிழை என் திண்ணையில் மூன்று கால்களோடு கிடந்தது!

"அப்படியானால் ஒலி முற்றாக நின்றிருக்க வேண்டாமா?" என்றேன். அவன் விளக்கினான். காலியும் சேகரிப்பானும் ஒரே இனக் குறைகடத்தியால் ஆனவை. ஆகவே இடம் மாறினாலும் கருவி ஒருவாறு இயங்கும். ஆனால் இரண்டும் ஒரே அளவாகச் செய்யப்பட்டவை அல்ல. காலியிற் கலப்புப் பொருள் மிகுதி, சேகரிப்பானிற் குறைவு. அதனால் மாற்றி வைத்தால் பெருக்கும் ஆற்றல் பெரிதும் குன்றிவிடும். முற்றும் ஊமையாகாமல் முணுமுணுத்தமைக்கு அதுவே காரணம்.

ஈயத்தை உருக்கி, திரான்சிற்றரைக் கழற்றித் திருப்பிப் பொருத்தினான். மீற்றர் 5 வோல்ற்றுக்குச் சற்றுக் கீழே நின்றது. ஆளியை மிதித்து ஒரு தந்தியைத் தீண்டினான். திண்ணைக்கு அப்பால் தென்னையில் அமர்ந்திருந்த காகங்கள் எழுந்து பறந்தன. அவன் சிரித்தான், நானும் சிரித்தேன்.

இலங்கை வானொலியின் தொடக்கத்தை அன்று அவனுக்குச் சொன்னேன். 1923இல் எட்வேட் ஹாப்பர் என்னும் பொறியியலாளர் காலத்தில், கொழும்பு மத்திய தந்தி அலுவலகத்தின் சிறு அறையொன்றிலிருந்து சோதனை ஒலிபரப்பு நிகழ்ந்தது. பிடிபட்ட ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலிக் கருவியிலிருந்து எடுத்த உறுப்புகளைக் கொண்டு தந்தித் துறையினரே ஒலிபரப்பியை அமைத்தனர். 1925 டிசெம்பரில் முறையான சேவை தொடங்கிற்று. கிடைத்ததைக் கொண்டு ஆக்கும் தொழில் இந்நாட்டிற்குப் புதியதன்று. அதில் அவனும் ஒருவன் என்றேன்.

கலைவிழாவில் அவன் வாசித்ததைக் கேட்டேன். இசையின் நுட்பத்தை மதிப்பிட எனக்குத் தெரியாது. ஆனால் அவன் வாசித்த ஒவ்வொரு சுரமும் கடைசி வரிசையில் இருந்த அவன் தந்தைக்குக் கேட்டது என்பதை அறிவேன். தொழில்நுட்பப் பிரிவிற்கான விண்ணப்பத்தையும் அவன் நிரப்பிவிட்டான்.

அன்று முதல் ஒரு வழக்கத்தைக் கைக்கொண்டிருக்கிறேன். விடைத்தாளிற் 'பிழை' என்று எழுதி விடுவதில்லை. பிழை எந்த இடத்தில் நுழைந்தது என்பதை மாணாக்கனோடு இருந்து முதலிலிருந்து படித்துப் பார்க்கிறேன். நல்ல உறுப்பாயினும் திசை மாறி அமர்ந்தால் அதன் ஆற்றல் வெளிப்படாது. எழுந்து பேசாத மாணாக்கரை 'இவனுக்கு வராது' என்று ஒதுக்குமுன், அவர்களை நாம் எவ்வாறு அமர்த்தியிருக்கிறோம் என்பதை ஒருமுறை பார்த்துக்கொள்வது ஆசிரியர் கடன்.