உங்களுக்குத் தெரியுமா? பண்ணையாளின் குரலில் ஒரு பாட்டு வரிசை

கோபாலகிருஷ்ண பாரதியார் பாடிய நந்தனார் சரித்திரக் கீர்த்தனைகளின் நாயகன் ஒரு பண்ணையாள். தில்லைக்கு, அதாவது சிதம்பரத்துக்கு, போக அவன் ஆண்டையிடம் விடுமுறை கேட்டு மன்றாடுவதே கதை. சேக்கிழாரின் பெரியபுராணத்தில் திருநாளைப்போவார் உண்டு. ஆண்டையாக வரும் கொடுமைக்கார வேதியர் இல்லை. அந்த ஆண்டையையும், நாற்பது வேலி நிலத்தையும் உழுது நடச் சொல்லும் அவர் கட்டளையையும் சேர்த்தவர் பாரதியார். பக்திக் கதை அதனாலேயே பண்ணையடிமையின் கதையாகவும் ஆனது. அவர் செய்த பெரிய காரியம் அதுதான்.

மாஞ்சி ராகத்தில் அமைந்த 'வருகலாமோ' பாட்டில், உள்ளே வரலாமா என்று நந்தன் வெளியே நின்று கேட்கிறான். ராகத்தின் இழுவையிலேயே அவன் தயக்கம் கேட்கும்.

இந்தக் கீர்த்தனைகளில் இலக்கணப் பிழை கண்ட மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, நூலுக்குப் பாராட்டுப் பாவான சிறப்புப்பாயிரம் தர முதலில் மறுத்தார். பாரதியார் பாடக் கேட்டபின் மனமுருகித் தந்தார். நூலை அச்சேற்ற உதவியவர் காரைக்காலில் இருந்த பிரெஞ்சு அதிகாரி சீசே.

இந்தக் கதை திரைக்கும் போனது. 1935இல் வந்த 'பக்த நந்தனார்' படத்தில் நந்தனாக நடித்தவர் ஒரு பெண், கே.பி.சுந்தராம்பாள். அதற்கு அவர் பெற்ற சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். மகாராஜபுரம் விசுவநாத ஐயர் வேதியராக நடித்தார்.

1942இல் ஜெமினி எடுத்த 'நந்தனார்' படத்தின் பாட்டுகள் இசைத்தட்டுகளில் ஊரெங்கும் ஒலித்தன. அதில் நந்தனாக நடித்துப் பாடிய எம்.எம்.தண்டபாணி தேசிகர் பின்னர் சிதம்பரத்திலேயே, அண்ணாமலைப் பல்கலைக்கழக இசைத்துறைத் தலைவராகப் பணியாற்றினார்.