ஐந்து அட்டை உயரம்

கையில் ஒரு கருவி – 17

என் அக்கா மகளுக்குப் பன்னிரண்டு வயது. இரண்டு வருடமாகக் கிட்டார் வகுப்புக்குப் போகிறாள். ‘மூடுபனி’ படத்தில் வரும் ‘என் இனிய பொன் நிலாவே’ பாட்டைத் தானே வாசித்துவிட வேண்டும், அந்த ஒரே ஆசைதான் அவளை வகுப்பில் கொண்டுபோய் உட்காரவைத்தது. 1980-இல் வந்த படம். அவள் அம்மாவே அப்போது பிறந்திருக்கவில்லை. அந்தப் பிள்ளை மூன்று வாரமாகக் கிட்டாரைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை என்று அக்கா போன் செய்தாள்.

“ஆரம்பத்துல இருந்த ஆர்வம் போயிடுச்சுடா. இவளுக்குப் பொறுமை இல்ல.”

ஞாயிற்றுக்கிழமை போனேன். முதலில் அவள் இடது கையை வாங்கிப் பார்த்தேன். நான்கு விரல் நுனியிலும் காய்ப்பு ஏறியிருந்தது. பொறுமை இல்லாத பிள்ளையின் விரல் அப்படி இருக்காது.

“எஃப் கார்ட் வரவே மாட்டேங்குது மாமா. எல்லாருக்கும் வருது. எனக்கு மட்டும் டப் டப்னு சத்தம் வருது” என்றாள். சொல்லும்போதே கண் கலங்கியது.

கிட்டாரைப் பையிலிருந்து எடுத்தேன். ஆன்லைனில் மூவாயிரத்து ஐந்நூறுக்கு வாங்கியது. பளபளக்கும் நீல நிறம். பை, பட்டை, பிக், கூடுதலாக ஒரு செட் கம்பி எல்லாம் இலவசமாக வந்திருக்கின்றன. என் பர்ஸில் இருந்த ஏடிஎம் கார்டு, ஓட்டுநர் உரிமம் என்று கைக்குக் கிடைத்த அட்டைகளை எடுத்து, கழுத்தின் குறுக்கே ஓடும் ஃப்ரெட் பட்டைகளில் பன்னிரண்டாவதின் மேல் ஒன்றன்மேல் ஒன்றாக, தடித்த கம்பிக்கு அடியில் செருகினேன். மூன்று போனது. நான்கு போனது. ஐந்தாவதும் கம்பியில் படாமல் உள்ளே போனது.

வங்கி அட்டையின் கனம் 0.76 மில்லிமீட்டர். உலகம் முழுக்க அதே அளவுதான். அதனால் கடையில் அளவுகோல் கேட்டு நிற்க வேண்டியதில்லை. எழுத்து புடைக்காத தட்டையான அட்டையாக இருந்தால் போதும். பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் தடித்த கம்பி இரண்டரை மில்லிமீட்டர் உயரத்திலும், மெல்லிய கம்பி இரண்டு மில்லிமீட்டரை ஒட்டியும் இருந்தால் பிள்ளைகளின் கைக்கு இதமாக இருக்கும். தடித்த கம்பிக்கு அடியில் மூன்று அட்டை நுழைய வேண்டும். நான்காவது அட்டை கம்பியை உரசித் தூக்க வேண்டும். இந்த உயரத்தைத்தான் கிட்டார்காரர்கள் ஆக்‌ஷன் என்கிறார்கள். ஐந்து அட்டை போகிற கிட்டாரில், ஒரே விரலைக் குறுக்கே படுக்கவைத்துக் கம்பிகளை அமுக்க வேண்டிய எஃப் கார்ட் பிடிக்க வளர்ந்த ஆளுக்கே மணிக்கட்டு நோகும்.

வலி ஒரு பக்கம். இன்னொரு கெடுதல் வெளியே தெரியாது. கம்பி உயரமாக இருந்தால் அதை அமுக்கும்போது அது கூடுதலாக இழுபடுகிறது. இழுபட்டால் சுருதி ஏறும். பிள்ளை சரியான இடத்தில்தான் விரல் வைக்கிறாள், ஆனாலும் ஸ்வரம் கொஞ்சம் தூக்கலாக வந்துகொண்டே இருக்கும். கருவி சரியில்லை என்று அந்த வயதுக்குத் தெரியாது. ‘எனக்குக் காது இல்லை’ என்றுதான் முடிவு கட்டிக்கொள்ளும். இப்படி எத்தனை பிள்ளைகள் கிட்டாரைப் பரணில் ஏற்றியிருப்பார்கள் என்று நினைத்தால் எனக்குத் தாங்கவில்லை.

இதைச் சோதிக்கவும் வழி இருக்கிறது. போனில் ஒரு டியூனர் ஆப்பைத் திறந்துவைத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டாம் ஃப்ரெட்டுக்கு நேர் மேலே கம்பியை விரலால் லேசாகத் தொட்டு மீட்டினால் மணி போல ஒரு ஒலி வரும். அடுத்து அதே ஃப்ரெட்டில் அமுக்கி மீட்டுங்கள். இரண்டும் ஒரே சுருதியில் நிற்க வேண்டும். அக்கா வீட்டுக் கிட்டாரில் ஆறு கம்பியிலும் அமுக்கும்போது முள் வலப்பக்கம் ஓடியது, அதாவது சுருதி ஏறியது.

பழைய கிட்டாரையே சரிசெய்துவிடலாமே என்று அக்கா கேட்டாள். நியாயமான கேள்விதான், நானும் அதைத்தான் முதலில் பார்த்தேன். கம்பிகளின் அடிமுனையைப் பிடித்திருக்கும் பிரிட்ஜின் மேல் வெள்ளையாக ஒரு பட்டை நிற்கும், அதன் பெயர் சாடில். அதைத் தேய்த்தால் கம்பி இறங்கும். ஆனால் பன்னிரண்டாம் ஃப்ரெட் கம்பியின் சரிபாதியில் இருப்பதால், அங்கே ஒரு மில்லிமீட்டர் இறங்க வேண்டுமானால் சாடிலில் இரண்டு மில்லிமீட்டர் தேய்க்க வேண்டும். இந்தக் கிட்டாருக்கு ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் இறக்கியாக வேண்டும். அதாவது சாடிலில் மூன்று மில்லிமீட்டர் போக வேண்டும். பிரிட்ஜுக்கு மேலே சாடில் நீட்டிக்கொண்டிருந்ததே ஒரு மில்லிமீட்டர்தான். கழுத்துக்குள் டிரஸ் ராட் என்று ஒரு இரும்புக் கம்பி இருக்கும், அதை முறுக்கிக் கழுத்தின் வளைவைக் கொஞ்சம் திருத்தலாம். இங்கே கழுத்து உடம்போடு சேரும் கோணமே முன்பக்கம் சாய்ந்துவிட்டது. சாதாரண கம்பி மாட்டிய கிட்டாரில் ஆறு கம்பியும் சேர்ந்து ஏறத்தாழ 70 கிலோ இழுக்கும். நோஞ்சான் மரத்தில் செய்த கழுத்து அதை இரண்டு வருடம் தாங்கியதே பெரிய விஷயம்.

வேறு கிட்டார் வாங்குவது என்று முடிவானது. “முப்பதாயிரத்துக்குக் கீழ நல்ல கிட்டார் கிடையாது” என்று யாரோ அக்காவிடம் சொல்லிவைத்திருந்தார்கள். அது உண்மையல்ல. பத்தாயிரத்தை ஒட்டிய விலையிலேயே பிள்ளையை ஏமாற்றாத கிட்டார் உண்டு. யமஹா எஃப்310 அப்படிப்பட்டது. சென்னைக்கு அருகே 2019-இல் தொடங்கிய யமஹா ஆலையில் தயாராகும் எஃப்280-உம் அதே ரகம். புதிதாகத் தொடங்கும் பிள்ளைக்கு நான் இவற்றோடு நிறுத்திக்கொள்ளச் சொல்வேன். இவள் இரண்டு வருடம் தாக்குப்பிடித்தவள். இருபதாயிரத்தைச் சுற்றி ஒன்று வாங்கிக் கொடுத்தால் கல்லூரி முடிக்கும்வரை வேறு தேட வேண்டாம்.

அந்தக் கூடுதல் பத்தாயிரம் எதற்காக? மேல்பலகைக்காக. கிட்டாரின் குரல் பெரும்பாலும் முன்பக்கத்து மேல்பலகையிலிருந்துதான் பிறக்கிறது. விலை குறைந்த கிட்டார்களில் அது பிளைவுட். மெல்லிய தகடுகளை நாரோட்டம் குறுக்கும் நெடுக்குமாகப் போகும்படி வைத்து ஒட்டியிருப்பார்கள். அது உறுதியானது, ஆனால் தாராளமாக அதிராது. சாலிட் டாப் என்றால் மேல்பலகை ஒரே மரத்தில் அறுத்தது, பெரும்பாலும் ஸ்ப்ரூஸ் மரம். எடை குறைவு, விறைப்பு அதிகம், கம்பியின் சின்ன அசைவையும் வாங்கி அறை முழுக்கக் கொடுக்கும். கடைக்காரர் சொல்வதை நம்ப வேண்டியதில்லை. நடுவில் இருக்கும் வட்டத் துளையின் விளிம்பைப் பாருங்கள். மேலே தெரியும் மரக்கோடுகள் விளிம்பில் மடங்கி அப்படியே கீழே இறங்கினால் அது ஒரே மரம். விளிம்பில் அடுக்கு அடுக்காகத் தெரிந்தால் பிளைவுட். விளிம்பில் கறுப்புப் பெயின்ட் பூசி மறைத்திருந்தால் நான் அந்தக் கிட்டாரைத் திருப்பி வைத்துவிடுவேன்.

பின்பலகையும் பக்கங்களும் இந்த விலையில் பிளைவுட்டாகத்தான் இருக்கும், அதனால் பெரிய குறை இல்லை. விலை ஏற ஏற அங்கே ஈட்டி மரம் வரும். நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளர்கிற அதே ஈட்டிதான். பிரேசில் ஈட்டி அரிதாகிப்போனதால், அமெரிக்காவின் மார்ட்டின் கம்பெனியே 1969-இல் இந்திய ஈட்டிக்கு மாறியது.

சாலிட் டாப்பில் நாங்கள் குறித்துக்கொண்டு போனவை மூன்று: யமஹாவின் எஃப்ஜி800, அதன் சின்ன உடம்புத் தம்பியான எஃப்எஸ்800, ஃபெண்டரின் சிடி-60எஸ். உள்ளே பிக்கப் வைத்து ஸ்பீக்கரில் இணைக்கும் வகையை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அதே விலையில் அது வந்தால், மரத்துக்குப் போக வேண்டிய காசு ஒயருக்குப் போயிருக்கிறது என்றுதான் அர்த்தம்.

1842-இல் தொடங்கிய மியூசி மியூசிக்கல் கடை இருப்பது அண்ணா சாலையில். அந்தச் சாலையில் ஆரம்பித்து ஒரு சனிக்கிழமை முழுக்க நான்கு கடை ஏறி இறங்கினோம். எஃப்ஜி800-ஐ மடியில் வைத்ததும் ஒலி அறையை நிறைத்தது. ஆனால் அவள் வலது தோள் காதுவரை ஏறிவிட்டது. உடம்பு அவ்வளவு தடிமன். பெரியவர்களாகிய நமக்கு ஒலி மட்டும்தான் கேட்கும். பிள்ளையின் தோளையும் முழங்கையையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். தோள் ஏறினால் அந்தக் கிட்டார் எவ்வளவு நன்றாகப் பாடினாலும் அவளுக்கு இல்லை.

எஃப்எஸ்800 உடம்பில் மெல்லியது. கம்பியின் நீளமும் 650-க்குப் பதில் 634 மில்லிமீட்டர். அதே சுருதிக்கு நீளம் குறைந்தால் இழுப்பும் குறையும், இந்த வித்தியாசத்துக்கு நூற்றுக்கு ஐந்து பங்கு. ஃப்ரெட்டுகளும் கொஞ்சம் நெருங்கி வரும். தோள் இறங்கியது. எட்டு ஒன்பது வயதுப் பிள்ளை என்றால் இதுவும் பெரிது, முக்கால் அளவுக் கிட்டாருக்குத்தான் போக வேண்டும். டிரினிட்டி இசைத் தேர்வில் கிளாசிக்கல் கிட்டார் வாசிக்கப்போகிறவர்களுக்கு நைலான் கம்பி, அகலக் கழுத்து என்று பாதையே வேறு.

கடைக்காரர் எடுத்துக் கொடுத்த எஃப்எஸ்800-இல் நான்கு அட்டை போனது. பெட்டியிலிருந்து வரும் புதுக் கிட்டார் கொஞ்சம் உயரமாகத்தான் வரும். “செட்டப் பண்ணித் தருவீங்களா?” என்று கேட்டேன். மேலும் எண்ணூறு ரூபாய் கேட்டார். யோசிக்காமல் கொடுத்தேன். விலையில் பேரம் பேசுங்கள், செட்டப்பில் பேசாதீர்கள். பட்டறை அண்ணன் சாடிலை உருவி, கீழ்ப்பக்கம் பென்சிலால் கோடு போட்டு, உப்புத்தாளைக் கண்ணாடிமேல் விரித்து, கோடு வரைக்கும் தேய்த்தார். மேலே தேய்த்தால் வளைவு கெட்டுவிடும் என்று அவளுக்குக் காட்டிக்கொண்டே தேய்த்தார். கம்பியையும் 12-க்குப் பதில் மெல்லிய 10 நம்பர் செட்டாக மாற்றச் சொன்னேன். இழுப்பு 60 கிலோவுக்குக் கீழே வந்துவிடும். ஒலி கொஞ்சம் மெலியும், விரல் பழகியதும் 11-க்கு ஏறிக்கொள்ளலாம்.

சென்னைக் காற்றின் ஈரத்தில் சாலிட் டாப் உப்பும். உப்பினால் கம்பி தானாக உயரும். மழைக்காலத்தில் கிட்டாரைச் சுவரில் மாட்டாமல் பைக்குள், இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைக்கச் சொல்லியிருக்கிறேன். ஏசி ஓடும் இடத்துக்கு நேர் கீழேயும் வேண்டாம். வாசித்து முடித்ததும் பழைய பனியன் துணியால் கம்பியைத் துடைக்க வேண்டும், நம் ஊர் வியர்வை ஒரு மாதத்தில் கம்பியைக் கறுக்கவைத்துவிடும். வெயிலில் நிற்கும் காருக்குள் மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் விடக் கூடாது. பிரிட்ஜை ஒட்டியிருக்கும் பசை அந்தச் சூட்டில் இளகிவிடும்.

அண்ணன் சுருதி சேர்த்து அவள் கையில் கொடுத்தார். மூன்று அட்டை. அவள் யாரையும் பார்க்காமல் ஸ்டூலில் உட்கார்ந்து, ஆள்காட்டி விரலை முதல் ஃப்ரெட்டில் குறுக்கே படுக்கவைத்து, மற்ற மூன்று விரலையும் ஒவ்வொன்றாக ஊன்றினாள். ஆறு கம்பியையும் மேலிருந்து கீழே ஒவ்வொன்றாகத் தட்டினாள். இரண்டாவது கம்பி மட்டும் சற்று மங்கியது. விரலை நூலிழை நகர்த்தி மறுபடி தட்டினாள். ஆறும் பேசின.

“மாமா, இது எஃப் தானே?” என்றாள்.

(தொடரும்)